மாமனாரின் மேல் தாடை

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சபாநாயகரின் பல்செட்டைப் பொருளாளர் மிதித்தது தற்செயலா, சதியா என்ற கேள்வியில் கட்டடமே இரண்டாகப் பிளந்து நின்றதைப் போன வாரம் பார்த்தோம். பிளவு இன்னும் சேரவில்லை. கீழ் மாடிகள் தற்செயல் கட்சி, மேல் மாடிகள் சதிக் கட்சி. லிஃப்டில் இரண்டு தரப்பும் சேர்ந்து போக நேர்ந்தால், மாடி எண் மாறுவதைத் தேர்தல் முடிவு வருவதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

புதிதாக வந்து சேருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. சபாநாயகர் எந்தச் சபையிலும் இருந்தவரல்ல. குடிநீர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் போதும், நடுவில் புகுந்து தலைமை தாங்கிவிடுவார். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் கரண்டியால் மேசையைத் தட்டி, "அமைதி! அமைதி!" என்று அவர்களைவிட உரக்கக் கத்துவார். சபாநாயகர் என்று பட்டம் கொடுத்தது அவர் மனைவி. அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டது அந்த அம்மாளின் தப்பல்ல.

அன்றைய கூட்டத்திலும் அதே "அமைதி!"தான். கத்திய வேகத்தில் பழைய மேல்வரிசை கழன்று பறந்து, தரையில் சறுக்கிக்கொண்டு போய்ப் பொருளாளரின் காலருகே நின்றது. பொருளாளர் ஒரு அடி முன்னால் வைத்தார். மற்றது வரலாறு.

அந்த நொறுங்கிய பல்செட்டால் வாழ்வு வந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவர் மருமகளுக்கு.

மருமகள் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் கலந்து ஊற்றி, இறுகியதும் உடைத்தெடுத்து, மேலே இருக்கும் குமிழ்களைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்குவது அவள் வேலை. கை பழகிவிட்டது. நெஞ்சு பழகவில்லை. பிளாஸ்டர் தூசியில் ஓயாத இருமல். 'தூசியை விட்டு விலகுங்க, இல்லைன்னா மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை' என்று மார்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

லேபில் தூசி இல்லாத இடம் ஒன்றுதான். கண்ணாடி அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், பற்களை அச்சடித்துத் தரும் ஒரு மெஷின், சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து பல் வடிவமைத்துக்கொண்டிருந்த ஆள் நல்ல இடம் கிடைத்துப் போய்விட்டான். முதலாளிக்கு அந்த மெஷின் எப்படி ஓடும் என்று தெரியாது. வாசலில் 'டிஜிட்டல் புன்னகை' என்று போர்டு எப்படி மாட்டுவது என்று மட்டும் தெரியும்.

"நான் கத்துக்கறேன் சார்" என்றாள் மருமகள்.

"கத்துக்கோ. ஆனா முதல் செட்டை உங்க வீட்டு ஆள் யாருக்காவது பண்ணு. நின்னா, நாற்காலி உனக்கு. நிக்கலைன்னா, பிளாஸ்டர் மூட்டை எங்கயும் ஓடிடல."

வீட்டில் பல்லில்லாத ஆள் ஒருவர் தயாராக இருந்தார்.

டாக்டர் அவர் வாய்க்குள் கேமராவை விட்டுச் சுற்றிப் படமெடுத்து அனுப்பினார். மருமகள் திரையில் மாமனாரின் மேல் தாடையைத் திறந்துவைத்துக்கொண்டு, போனில் ஒரு பாடம் ஓடவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தாள். பாடம் நடத்துகிற ஆள் எதைக் காட்டினாலும் 'ரொம்பச் சிம்பிள், நண்பர்களே' என்பான். அவள் அவனுக்கு வைத்த பெயரும் அதுதான்.

முதல் நாள் மவுஸை ஒரு இழுப்பு இழுத்தாள். தாடை காணாமல் போய்விட்டது. மேலே தேடினாள், கீழே தேடினாள். வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, தாடை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இவள்தான் அதற்கு உள்ளே போய்விட்டாள் என்று. அப்புறம் ஒரு முன்பல்லை எடுத்து ஈறில் வைத்தாள். நேரே பார்த்தால் கச்சிதம். பக்கவாட்டில் திருப்பினால் பல் மூக்குக்கு எதிரே அந்தரத்தில் தொங்கியது.

ஆனால் ஒரு அற்புதமும் கிடைத்தது. கன்ட்ரோல், இசட் என்று இரண்டு பொத்தான்களை இடது கையால் சேர்த்து அழுத்தினால், கடைசியாகச் செய்த தப்பு செய்யாததாகிவிடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சலுகையை யாரும் கொடுத்ததில்லை. அது எவ்வளவு பழகிப்போனதென்றால், வீட்டில் வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால்கூட அவள் இடது கை விரல் இரண்டும் மேசை விளிம்பில் தானாக அழுந்தின. அத்தை அதை நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தாள்.

பல்செட் வந்தது. அழகான அழகு. டாக்டர் மாட்டிவிட்டார். சபாநாயகர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "நான் முன்மொழிகிறேன், நானே வழிமொழிகிறேன்" என்றார். முதலாளி அதே வேகத்தில் இன்னும் நாலு பேருக்கு ஆர்டர் பிடித்துவிட்டார். அவற்றையும் மருமகளே வடிவமைத்துக் கொடுத்தாள். இன்று ஞாயிறு. சாயங்காலம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், தலைவர் தேர்தல். இப்போதைய தலைவரான சபாநாயகர் மறுபடியும் நிற்கிறார். சிறப்பு விருந்தினர், வேறு யார், முதலாளிதான். நாற்காலி விஷயத்தை அங்கேயே அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

*

காலையில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்தினாள் மருமகள். 'ரொம்பச் சிம்பிள்' வந்தான்.

முதல் பாகத்தின் முடிவில் 'அவ்வளவுதான், நண்பர்களே' என்று அவன் சொல்லியிருந்தான். அவள் நம்பிவிட்டாள். இரண்டாம் பாகம் என்று ஒன்று இருப்பதே இன்றுதான் கண்ணில் பட்டது.

"போன பாகத்துல ஸ்கேனைச் சுத்தம் பண்ற பிரஷ் பாத்தோம். தேய்ச்சா வழவழன்னு ஆயிடும். ரொம்பச் சிம்பிள். ஆனா ஒரு விஷயம். ஈறுல உட்கார்ற உள்பக்கத்துல மட்டும் இந்தப் பிரஷ்ஷைத் தொட்டுடாதீங்க. தொட்டா, செட் நிக்கவே நிக்காது. சரி, அடுத்து நிறம் கொடுக்கறது எப்படின்னு..."

தண்ணீர் கொதித்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை.

மேல் பல்செட்டுக்கு ஆணியும் கிடையாது, கொக்கியும் கிடையாது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, அது அண்ணத்தோடு ஒட்டித் தொங்க வேண்டும். அதற்கு வாய்க்குள் இருக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் செட்டின் உள்பக்கத்தில் அப்படியே இருந்தாக வேண்டும். அவள் என்ன செய்தாள்? திரையில் மாமனாரின் ஈறு முழுக்கச் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிந்தன. இத்தனை வருஷம் மேட்டைக் கண்டால் சுரண்டிய கை. பிளாஸ்டர் குமிழ் என்று நினைத்துக்கொண்டது. பிரஷ்ஷை எடுத்தாள். தேய்த்தாள். குழந்தைக் கன்னம் மாதிரி ஆகும்வரை தேய்த்தாள்.

அவருக்கு மட்டுமா? மற்ற நாலு பேருக்கும்.

தேய்த்து முடித்ததும் சேமித்துவிட்டாள். அதே பெயரில், பழையதன் மேலேயே. அந்த இரண்டு பொத்தான்களின் கருணை ஃபைலை மூடும்வரைதான். மூடிவிட்டால் அதுவும் கைவிரித்துவிடும். டாக்டரிடம் கேட்டால் ஸ்கேனை மறுபடி அனுப்புவார். ஆனால் கேட்க வேண்டியவர் முதலாளி.

"தண்ணி வத்திப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதுவுமே ஒன்று மேலே போகும், இல்லை கீழே வரும், நடுவில் நின்றால் கம்பெனிக்குப் போன் பண்ண வேண்டும் என்பது அவன் தத்துவம்.

"என்னங்க, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"காபியிலயா?"

"மாமா பல்லுல."

கேட்டான். முழுக்கக் கேட்டான். அது ஒன்றுதான் அவனிடம் உள்ள நல்ல குணம்.

"ஆனா நின்னுக்கிட்டிருக்கே? நேத்து ஃபோன்ல சித்தப்பாவோட அவ்வளவு நேரம் சண்டை போட்டாரே, விழலையே?"

"அதுதான் எனக்கும் புரியல."

"நிக்கறதை எதுக்கு நோண்டற? சாயங்காலம் முடியட்டும். நாற்காலி கைக்கு வரட்டும். அப்புறம் மெதுவா சொல்லு."

"அந்த நாலு பேரு?"

"அவங்களுக்கும் நின்னாலும் நிக்கும்."

"நீங்க லிஃப்ட்டை இப்படித்தான் பாக்கறீங்களா?"

அவள் விரல்கள் அடுப்பு மேடையின் விளிம்பைத் தேடின. சொன்னது சொன்னதுதான்.

முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த நாலு செட்டையும்..."

"வந்துடுச்சும்மா! பிரிண்ட் ஆகி, பாலிஷ் போட்டு, டப்பாவுல வச்சாச்சு! என் சம்சாரம் பாத்துட்டு, எனக்கும் இப்படி ஒண்ணு பண்ணிக் கொடுங்கங்கறா. அவளுக்கு எல்லாப் பல்லும் இருக்கு!"

"சார், அதைக் கொடுக்க வேண்டாம். உள்பக்கம் நான் தப்பா..."

"உள்பக்கத்தை யாரும்மா பாக்கப் போறா?"

"சார், பாக்கறது இல்ல சார், அது நிக்கணும்..."

"முதல் செட் நிக்குதா இல்லையா?"

அவள் பதில் சொல்ல ஒரு மூச்சு எடுத்தாள். அந்த மூச்சுக்குள் முதலாளி நுழைந்துவிட்டார்.

"நிக்குதில்ல? பயப்படாதே. புதுசா கத்துக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். சாயங்காலம் பாக்கலாம். நல்ல சட்டை ஒண்ணு தேய்ச்சுக்கிட்டிருக்கேன், வச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார்.

*

முதல் செட் எப்படி நிற்கிறது என்ற மர்மத்தை உடைத்தது அத்தை. பால்கனிப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், "இங்க வாம்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

செடியின் அடியில் ரொட்டி ஓரங்கள். புதியவை, நேற்றையவை, ஊறி உப்பியவை. ஒரு வார வரலாறு.

"காக்கா ஏன் இந்த வாரம் நம்ம வீட்டையே சுத்துதுன்னு பாத்தேன்" என்றாள் அத்தை. "கட்டின புருஷன் கடிக்க முடியாததையெல்லாம் செடிக்கு வச்சுக்கிட்டிருக்கார். கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா சாப்பிடறப்பவே நினைச்சேன். இந்த மனுஷனாவது, கேக்க ஆளில்லாத இடத்துல வாயைத் திறக்கறதாவது!"

"அப்ப செட்டு எப்படி அத்தை நிக்குது?"

அத்தை அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். ஷேவிங் டப்பாவுக்குப் பின்னால் ஒரு டியூப். மருந்துக்கடையில் விற்கும் பல்செட் பசை. பாதிக்கு மேல் பிதுக்கித் தட்டையாகியிருந்தது.

சபாநாயகர் ஹாலில், கண்ணாடி அலமாரி முன்னால், சாயங்காலப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "அன்பார்ந்த உறுப்பினர்களே, இந்தக் கட்டடத்தின் வரலாற்றில்..." கண்ணாடியில் மருமகள் கையில் டியூப் தெரிந்ததும் வரலாறு அத்தோடு நின்றது.

"மாமா, இது நிக்கலையா?"

"நின்னுக்கிட்டுத்தானே பேசறேன்!"

"உங்களைக் கேக்கல மாமா. பல்லை."

"எல்லாம் நிக்கும். கொஞ்சம் பழகணும். புதுச் செருப்பு கடிக்கறதில்லையா?"

"வாயைத் திறங்க."

"என்னது?"

"திறங்க மாமா."

இந்த வீட்டில் அவரை வாயைத் திறக்கச் சொன்ன முதல் ஆள் அவள்தான். திறந்தார். செட்டை இழுத்துக் கழற்றினார். பசை நூல் நூலாக வந்தது. மேல் ஈறின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புண், பக்கத்தில் இன்னொன்று. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் செட் மொட்டையாக இருந்ததால் பாரமெல்லாம் மேட்டின்மேல் இறங்கி அழுத்தியிருந்தது. அவள் தேய்த்த ஒவ்வொரு தேய்ப்புக்கும் அங்கே பதில் இருந்தது.

"ஏன் மாமா சொல்லல?"

பல்லில்லாமல் பேசும்போது சபாநாயகர் வேறு ஆள். கன்னம் உள்ளே போய், குரலும் கூடவே உள்ளே போயிருந்தது.

"எப்படிச் சொல்றது? என் மருமக கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு கீழ்மாடியிலேருந்து மேல்மாடி வரைக்கும் சிரிச்சுக் காட்டியாச்சு. பொருளாளர்கிட்ட ரெண்டு தடவை காட்டினேன். இப்பப் போய், பசை போட்டு ஒட்டியிருக்கேன்னு சொல்லவா?" கொஞ்சம் நிறுத்தி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீயும் இருமி இருமிச் செத்துக்கிட்டிருக்கே. நான் நாலு நாள் சிரிச்சுக்கிட்டிருந்தா உனக்கு நாற்காலி. சிரிச்சேன். அவ்வளவுதானே?"

அத்தை கதவருகே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சபாநாயகர் நல்லது செய்வதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. எந்த மாதிரி முகம் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா, உங்களோட போச்சுன்னா நான் வாயை மூடிக்கிட்டிருப்பேன். இன்னும் நாலு பேருக்கு இதே மாதிரி பண்ணியிருக்கேன். நாளைக்குக் கொடுக்கப் போறாங்க."

சபாநாயகர் யோசித்தார். செட்டை மறுபடி வாயில் பொருத்தினார். கன்னம் வந்தது, குரல் வந்தது, கூடவே பதவியும் வந்தது.

"அவங்களும் பசை போட்டுக்கட்டும்" என்றார்.

*

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில். கார்களைத் தெருவுக்குத் துரத்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எண்ணெய்க் கறை இருந்த இடங்களில் யாரும் உட்காரவில்லை. மைக் ஒருமுறை அலறி அடங்கியது.

மருமகள் கடைசி வரிசையில் இடம் பிடித்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மூன்றாம் மாடி டீச்சர். ஓய்வு பெற்றவர், தனியாள். உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நேர்ல ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன்மா."

"எதுக்கு டீச்சர்?"

"தெரியாதா? உங்க மாமனார் பல்லைப் பாத்துட்டுத்தான் நானும் ஆர்டர் கொடுத்தேன். உங்க லேப்லதான். நாளைக்கு வருது." டீச்சர் சிரித்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழகியிருந்தார். "ரொம்ப நாளா கஞ்சியும் கரைச்ச பிஸ்கட்டும்தான். எனக்கு ஈறு வேற ரொம்ப மெல்லிசுன்னார் டாக்டர். வறுத்த கடலை சாப்பிடலாமா? நீயே சொல்லு. நாளைக்கே வேணாம், ஒரு வாரம் கழிச்சு?"

மருமகளுக்கு அந்த ஈறு தெரியும். நாலில் இரண்டாவது. பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு வந்த ஸ்கேன். மெல்லிய ஈறு, கோடு கோடாக மேடுகள். அதைத்தான் அவள் எல்லாவற்றையும்விட நன்றாகத் தேய்த்திருந்தாள்.

"டீச்சர்..." என்று தொடங்கினாள். மைக் முந்திக்கொண்டது.

"இப்போது நமது தலைவர் அவர்கள் பேசுவார்கள்."

சபாநாயகர் எழுந்தார். கூட்டம் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து, போனை எடுத்து, நீண்ட பயணத்துக்குத் தயாரானது. பொருளாளர் மட்டும் முன்வரிசையில் கால்களை நீட்டிக்கொண்டு, சதிக் கட்சிக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உறுப்பினர்களே" என்றார் சபாநாயகர், உதடுகளை அதிகம் பிரிக்காமல். "தண்ணீர்த் தொட்டி கழுவியாச்சு. லிஃப்ட் ஓடுது. குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க. வணக்கம்."

உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்கு என்ன நடந்ததென்று உடனே பிடிபடவில்லை. அப்புறம் யாரோ ஒருவர் கைதட்டினார். அதன் பின்னால் ஒரு வரிசை. பிறகு கீழ் மாடி, மேல் மாடி என்ற பேதமில்லாமல் எல்லோரும். "என்ன ஒரு பக்குவம்!" என்றார் முதல் மாடி. "மனுஷன் எப்படி மாறிட்டார் பாருங்க" என்றார் மொட்டைமாடி அறைக்காரர். வாழ்நாளெல்லாம் பேசிச் சேர்க்க முடியாத மதிப்பைப் பசை அவருக்கு நொடியில் சேர்த்துக் கொடுத்தது. தலைவர் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை. பொருளாளர்கூடக் கையைத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்து முதலாளி. தேய்த்த சட்டை. கையில் ஒரு சின்ன டப்பா வேறு, உள்ளே பளபளவென்று ஒரு பல்செட்.

"இப்ப நீங்க பாத்தது ஒரு பேச்சு இல்ல, ஒரு டிஜிட்டல் பேச்சு!" என்றார். "அந்தப் பல்லைச் செஞ்ச பொண்ணு இங்கதான் இருக்கு. நேத்து வரைக்கும் பிளாஸ்டர் மூட்டை பிரிச்சுக்கிட்டிருந்த பொண்ணு! நாளையிலேருந்து கண்ணாடி அறையில, சக்கர நாற்காலியில... அதாவது, சக்கரம் வச்ச நாற்காலியில!"

கைதட்டல். எல்லாத் தலையும் திரும்பியது. அத்தை முன்னாலிருந்து கையாட்டினாள். கணவன் தரையைப் பார்த்தான்.

"அது மட்டும் இல்ல. இந்த முதல் செட்டை எப்படிச் செஞ்சதோ, அதே முறையைத்தான் இனிமே எங்க லேப்ல எல்லாருக்கும். உள்ளங்கை மாதிரி வழவழப்பு! இதோ, நாளைக்கு ஒரு அம்மாவுக்குப் போறது." டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

டீச்சர் அவள் கையை இறுக்கினார். "என்னோடதா இருக்குமோ?"

மருமகள் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. கால் எழுந்திருந்தது.

"சார், அதைக் கொடுக்காதீங்க" என்றாள். மைக் இல்லாமலே குரல் தூண்களில் மோதித் திரும்பியது. "நான் பண்ணினது தப்பு. உள்பக்கத்தைத் தேய்ச்சுட்டேன். அது நிக்காது. வாய் புண்ணாகும். டாக்டர்கிட்ட மறுபடி ஸ்கேன் வாங்கித்தான் செய்யணும்."

இருமல் வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை.

முதலாளி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார், குரல் தழுதழுக்க. "இதைத்தான் சொல்வாங்க அடக்கம்னு! எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு? இன்னும் நல்லா பண்ணணும், இன்னும் நல்லா பண்ணணும்னு துடிக்குது பாருங்க!"

கைதட்டல் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. முதல் மாடி எழுந்து நின்றே தட்டினார்.

"அடக்கம் இல்ல சார்! நிஜமாத்தான் சொல்றேன்!"

"நிஜமாத்தாம்மா, நிஜமாத்தான்!"

"மாமா!" என்றாள். வேறு யாரும் மிச்சமில்லை. "மாமா, நீங்களாவது சொல்லுங்க."

அந்த ஒரு வாய்க்குள்தான் சாட்சி இருந்தது. சிவந்த புண் இரண்டும், பாதி டியூப் பசையும். முதலாளியும் சிரித்துக்கொண்டே மைக்கை அவர் பக்கம் நீட்டினார். "சொல்லுங்க தலைவரே, எப்படி இருக்கு?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பொருளாளரும் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

சபாநாயகர் மைக்கைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பொருளாளரின் செருப்பைப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இந்த மனிதரின் வாயை மூடவைக்க இந்தக் கட்டடம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கு எல்லோரும் அது திறக்கக் காத்திருந்தார்கள்.

அவர் திறக்கவில்லை. சிரித்தார். முழுவரிசையும் தெரிய, வெள்ளை வெளேரென்று.

கைதட்டல் கூரைவரை போனது. முதலாளி டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். யாரோ பெரிய சாதனை என்றார்கள். யாரோ மருமகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, உணர்ச்சிவசப்படாதே" என்றார்கள். அவள் உட்கார்ந்தாள்.

அந்தக் கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒருவர் கைதட்டாமல் இருந்தார். டீச்சரின் கை இன்னும் அவள் கையில் இருந்தது. மற்றொரு கையால் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் பின்பெஞ்சுக் குழந்தையிடம் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"உள்பக்கம்னியேம்மா... என்னோடதையும் தேய்ச்சிருக்கியா?"

மருமகளின் இடது கை விரல்கள் இரண்டும் டீச்சரின் மணிக்கட்டில் தானாக அழுந்தின. அழுத்தியபடியே இருந்தாள். எதுவும் பின்னால் போகவில்லை.